ஐந்து தலை வேண்டும்

அத்தியாயம் 11

போன வாரம் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போனவர்களுக்காக மட்டும் நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் ஒரு டீ போட்டு எடுத்துக்கொண்டு வரலாம்.

என் மனைவி பல்செட் செய்பவள். நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். ஊரில் வயதானவர்கள் இருக்கிற வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். சனிக்கிழமை மாலைகளில் அவள் நூலகத்தின் பின்னறையில் ஐந்து பிள்ளைகளுக்கு ரோபோ கட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த ஐந்தில் ஒன்று எங்கள் மகள். பதினொரு வயது.

அவர்கள் கட்டிய ரோபோ போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியது. வினையே அதற்குப் பிறகுதான். அடுத்த போட்டிக்கு விதிமுறை வர ஐந்து மாதம் ஆகும். பிள்ளைகள் இதற்கு ‘சும்மா மாசம்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தச் சும்மா மாசத்தில் குழு, கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக, ஐந்து மூன்றாகி, மூன்று இரண்டாகி, போன சனிக்கிழமை எங்கள் மகள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள். நூலகர் வந்து எட்டிப் பார்த்தார். ஐந்து பிள்ளைகள் இருந்தால்தான் அறை, அதுதான் விதி என்றார். அடுத்த சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து எண்ணிப் பார்ப்பதாகவும், தலை குறைந்தால் அறை சதுரங்கக் குழுவுக்குப் போகும் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த அடுத்த சனிக்கிழமை இன்றைக்கு விடிந்துவிட்டது.

பிள்ளைகளை இழுத்துப் பிடிக்க என் மனைவி செய்யாத வித்தை இல்லை. சுவரில் அட்டை ஒட்டி, வந்தவர்களுக்கெல்லாம் நட்சத்திரம் போட்டாள். வினாடி வினா வைத்தாள். லிஃப்ட் பழுது பார்க்கும் இன்ஜினீயர் ஒருவரைக் கூட்டிவந்து பேசவைத்தாள். அவர் ஒன்றரை மணி நேரம் கம்பிக் கயிற்றைப் பற்றி மட்டுமே பேசினார். அடுத்த வாரம் இரட்டையர் இரண்டு பேரும் வரவில்லை. அந்த இன்ஜினீயர்தான் காரணம் என்று நான் அவர் தலையில் பழியைப் போட்டேன். பாவம் அந்த மனுஷன்.

எனக்கு ரோபோவைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. என் கவலை வேறு. இந்த ஊருக்கு நாங்கள் வந்து இரண்டு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க மகளின் சாப்பாட்டு டப்பா நிரம்பியபடியே வீடு திரும்பும். கேட்டால் பசிக்கவில்லை என்பாள். தனியாக உட்கார்ந்து சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை என்று ஆசிரியை சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது. ரோபோ குழுவில் சேர்ந்த பிறகு டப்பா காலியாக வர ஆரம்பித்தது. இந்த ஒரு மாதமாக மறுபடியும் நிரம்பி வருகிறது. அந்த அறை போய்விட்டால் என் மகளுக்குத் தோழி, தோழன் என்று சொல்ல ஒரு பிள்ளை இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

காலையில் மகள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். மனைவி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சாயங்காலம் நீ ஒருத்தி வந்தாலும் சரி, வகுப்பு நடக்கும் என்று சொல்லி வேலைக்குக் கிளம்பினாள். யாரோ ஒரு பெரியவருக்கு நாளை மகள் கல்யாணமாம். சாயங்காலத்துக்குள் பல் வேண்டுமாம். நான் மகளைக் கையோடு கடைக்குக் கூட்டிப் போனேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஒரு வாடிக்கையாளர் இரண்டாக உடைந்த லென்ஸைக் கொண்டுவந்து, ஒட்டித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது, புதிதாகத்தான் தேய்க்க வேண்டும் என்றேன். அவர் போனதும் மகள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி என்னைப் பார்த்தாள்.

“ஏன்பா ஒட்ட முடியாது?”

“ஒட்டலாம். ஆனா கோடு தெரியும். பாக்குறப்போ எல்லாம் அந்தக் கோடுதான் கண்ணுல படும்.”

அவ்வளவுதான் சொன்னேன். பொலபொலவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மிஷினை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். விக்கி விக்கி அவள் சொன்னதைக் கோவையாகச் சொல்கிறேன்.

இந்தக் குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. போட்டி முடிந்ததும் ரோபோவை நடுவில் வைத்து, ஆளுக்கு ஒரு துண்டாகச் சுற்று முறையில் கழற்றி டப்பாவில் போட வேண்டும். கடைசித் துண்டைக் கழற்றுபவருக்கு, அடுத்த ரோபோவை முதன்முதலில் ஓடவிடும் உரிமை. போன வருடம் அதை ஒரு கொண்டாட்டமாகவே செய்தார்கள். இந்த வருடம் என் மனைவி ‘இன்னும் ஒரு வாரம் இருக்கட்டும்’ என்று நாலு முறை தள்ளிப்போட்டாள். ரோபோ கோப்பையின் பக்கத்தில், கண்ணாடி அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

ஏழு வாரத்துக்கு முன்னால் ஒரு நாள், வேலை இழுத்துப்போய் அவள் வகுப்புக்குத் தாமதமாக வந்தாள். அதற்குள் பிள்ளைகள் பொறுமை இழந்து, நாமே பிரித்துவிடலாம் என்று அலமாரியைத் திறந்துவிட்டார்கள். முதல் சுற்று, ‘பேட்டரி’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண்ணுக்கு. பெயருக்கு ஏற்ற மாதிரி ஓயவே மாட்டாள். ரோபோவின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. எப்போதும் மதிப்பெண் எழுதிக்கொண்டிருக்கும் ‘கணக்கு’ இழுத்தான். வரவில்லை. இரட்டையர் பெரிசும் சிறிசும் சேர்ந்து இழுத்தார்கள். அப்புறம் ஐந்து பேருமாக இழுத்தார்கள். மடக்கென்று கை முறிந்தது.

முறிந்த கையைக் கோப்பைமேல் சாய்த்து வைத்து, உடைந்தது தெரியாதபடி அலமாரியை மூடிவிட்டார்கள். யாரும் யாரிடமும் சொல்வதில்லை என்று சத்தியம் வேறு.

“அம்மா ஒவ்வொரு வாரமும் அதைப் பாத்து சிரிக்கிறாங்கப்பா. எங்களால பாக்க முடியல. அதான் ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்க. நான் எப்படி நிக்கிறது? நான் அவங்க கூடத்தானே இருக்கேன்.”

“எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேம்மா.”

“சொன்னா அவங்க என்கூடப் பேச மாட்டாங்க. சொல்லலன்னாலும் வர மாட்டேங்கிறாங்க.”

பதினொரு வயதுப் பிள்ளை ஏழு வாரமாக இதை நெஞ்சில் சுமந்துகொண்டு அதே மேஜையில் எங்களோடு சாப்பிட்டிருக்கிறது. நான் லென்ஸ் தேய்ப்பவன், ஊருக்கெல்லாம் பார்வை கொடுப்பவன் என்று பீற்றிக்கொள்வது உண்டு. என் வீட்டில் நடந்தது என் கண்ணில் படவில்லை. வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று இடித்தது. அந்தத் துண்டுகள் கழற்றுவதற்கென்றே செய்தவை. சின்னப் பிள்ளை விரலால் இழுத்தாலே வந்துவிடும். ஐந்து பேர் இழுத்தும் வராமல் முறிவானேன்?

கடையைப் பக்கத்து மேஜைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, மகளையும் அழைத்துக்கொண்டு நூலகத்துக்குப் போனேன். நூலகர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். ரோபோவின் முறிந்த கையைச் சன்னல் பக்கம் கொண்டுபோய், சட்டைப் பையில் எப்போதும் இருக்கும் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மூட்டுக்குள் கண்ணாடி மாதிரி ஏதோ இறுகியிருந்தது. விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. வழுவழுவென்று மெருகு போட்டிருந்தது. இந்த ஊரில் இவ்வளவு சுத்தமாக மெருகு போடத் தெரிந்தவள் ஒருத்திதான் உண்டு. அவளோடு பதினாலு வருடமாகக் குடித்தனம் நடத்துகிறேன்.

சிரிப்பை அடக்க முடியவில்லை. நூலகர் தன் மேஜையிலிருந்தே உஷ் என்றார்.

சிரித்து முடித்ததும்தான் உறைத்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது? எனக்கு வாய் நீளம், தைரியம் குட்டை. இத்தனை அத்தியாயமாக என்னைப் பார்த்துவரும் உங்களுக்கு இது தெரியும். ஆனாலும் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முறிந்த கையை ஒரு மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டு நடந்தேன்.

பல்செட் கூடத்தில் என் மனைவி முகமூடி போட்டுக்கொண்டு, கல்யாணப் பெரியவரின் கடைவாய்ப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் அந்தக் கையை வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மிஷின் சத்தம் நின்றது.

மகள்தான் சொன்னாள். ஒரு வார்த்தை விடாமல், நான் குறுக்கிட இடம் கொடுக்காமல், முழுவதையும் சொன்னாள். மனைவி முகமூடியைக் கழற்றினாள்.

“நீங்க யாரும் உடைக்கல. நான்தான் ஒட்டி வச்சேன்.”

பல்செட்டுக்கு ஈறு செய்கிற அக்ரிலிக். பொடியையும் திரவத்தையும் குழைத்து வைத்தால் கொஞ்ச நேரத்தில் கல்லாகிவிடும். போட்டி முடிந்த மறுவாரமே, ஒரு மூட்டு விடாமல் அதைத் தடவி மெருகும் போட்டிருக்கிறாள். பிரிக்கும் நாள் தள்ளிக்கொண்டே போனது அதனால்தான். ஏம்மா ஒட்டினே என்று கேட்டேன். அவள் பல் வரிசையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

“பதினேழு வருஷமா பல் செய்யுறேன். செஞ்ச ஒரு பல்லையாவது மறுபடி பாத்திருக்கேனா? எல்லாம் யாரோ ஒருத்தர் வாய்க்குள்ள போயிடுது. இது ஒண்ணாவது நம்ம கண்ணு முன்னாடி இருக்கட்டுமேன்னு தோணுச்சுங்க.”

நாக்கு நுனியில் ஒரு கிண்டல் வந்து நின்றது. விழுங்கிவிட்டேன். அவள் மகளை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தக் கடைவாய்ப் பல்லைத் தேய்த்து முடித்தாள். கல்யாணம் யாருக்காகவும் நிற்காது.

மணி மூன்று. நான் எல்லோருக்கும் போன் செய்கிறேன் என்றேன். வேண்டாம், தப்பு செய்தவள் நான், நானே பேசுகிறேன் என்றாள்.

கணக்கு வீட்டில் அவனே எடுத்தான். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்படியென்றால் குழுவுக்கு மைனஸ் மதிப்பெண் கிடையாதா என்று கேட்டான். மைனஸ் எல்லாம் மிஸ்ஸுக்குத்தான் என்று இவள் சொன்னதும், நாலரைக்கு வந்துவிடுவதாகச் சொன்னான். பேட்டரியிடம் சொன்னபோது அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவள் அம்மா வாங்கி, என்ன ஆயிற்று, இவள் சரியாகத் தூங்கியே ஏழு வாரம் ஆகிறது என்றார். அவரிடமும் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள் என்று எனக்கு ஆச்சரியம். ஏழு வாரத்துக்கு மேல் மறைத்து வைத்த உண்மையைச் சொல்ல ஆளுக்கு ஐந்து நிமிடம் கூட ஆகவில்லை.

ஆனால் இரட்டையரின் அப்பா போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தும் எடுக்கவில்லை. இப்போதெல்லாம் சனிக்கிழமை மதியம் அவர்கள் நீச்சல் குளத்தில் இருப்பார்கள், ஐந்து மணி வரை என்று மகள் சொன்னாள். குளம் ஊரின் அந்தக் கோடியில்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை இதுதான். மூன்று தலை கிடைத்துவிட்டது. மீதி இரண்டும் தண்ணீரில் மிதக்கிறது.

“நான் போறேன்,” என்றேன். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானாக ஒரு வேலைக்குப் போகிறேன் என்று சொல்லி அவர்கள் கேட்டதில்லை.

பஸ் பிடித்துக் குளத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நாலு இருபது. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈரத் தரையில் நடந்தேன். தூரத்தில் பெரிசும் சிறிசும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். இருவருக்கும் வயதில் நாலு நிமிட வித்தியாசம். என்னைப் பார்த்ததும் இரண்டு தலையும் ஒரே சமயத்தில் தண்ணீருக்குள் போய்விட்டன.

நான் விளிம்பில் குந்தி உட்கார்ந்து காத்திருந்தேன். மனிதப் பிறவியால் எவ்வளவு நேரம் மூச்சைப் பிடிக்க முடியும்? முதலில் சிறிசு வந்தான், பிறகு பெரிசு.

“அது உடைஞ்சது உங்களால இல்லடா. மிஸ் அதை முன்னாடியே ஒட்டி வச்சிருந்தாங்க.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எதை வைத்து ஒட்டினார்கள் என்று பெரிசு கேட்டான். பல்செட் செய்கிற பசை என்றேன். சிறிசுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்து, வாய்க்குள் தண்ணீர் போய், புரை ஏறிவிட்டது. அவன் அப்பா செய்தித்தாளை மடித்துவிட்டு ஓடிவந்தார். போனைத் துணிப் பைக்குள் துண்டுக்கு அடியில் வைத்திருந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் கார் சாவியை எடுத்தார்.

வழியெல்லாம் நெரிசல். ஐந்து மணி ஆனபோது நூலகம் இரண்டு தெரு தள்ளி இருந்தது. கார் நகரவில்லை. இறங்கி ஓடலாம் என்றேன். ஈரத் தலையோடு இரண்டு பையன்கள் முன்னால், தொப்பையோடு நான் பின்னால்.

நாங்கள் வருவதற்குள் அங்கே நடந்ததை மகள் பிறகு சொன்னாள். என் மனைவி வேலையிடத்திலிருந்து பல் அறுக்கும் சின்ன ட்ரில்லையே எடுத்து வந்துவிட்டாள். பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு முகமூடி. ரோபோவை நடுவில் வைத்து, மூட்டு மூட்டாகப் பசையை அறுத்தாள். அறுத்துக் கொடுத்த துண்டைச் சுற்று முறையில் பிள்ளைகள் கழற்றினார்கள். நூலகத்தில் ட்ரில் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? நூலகர் ஐந்து மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார், திட்டுவதற்காக. வந்தவர் மேஜையில் கிடந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாராம். ஐந்து அடித்தது. மூன்று பேரை எண்ணினார். பேனாவைத் திறந்தார். எழுதாமல் கையில் வைத்துக்கொண்டு, அந்த மூட்டைக் கழற்றி முடியுங்கள் என்றாராம்.

அந்த நேரத்தில்தான் நாங்கள் உள்ளே விழுந்தடித்து ஓடிவந்தோம்.

“நூலகத்துல ஓடக் கூடாது,” என்றார் நூலகர். பிறகு சுட்டுவிரலை நீட்டி ஒவ்வொரு தலையாக எண்ணினார். ஈரத் தலை இரண்டையும் சேர்த்து ஐந்து. நோட்டில் எழுதினார். கடிகாரத்தைப் பார்த்தார், நானும் பார்த்தேன். ஐந்து ஒன்பது. அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. இனிமேல் ட்ரில் எல்லாம் கொல்லைப் பக்கம் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார்.

அப்பாடா. அந்த ஒரு வார்த்தைக்கு மேல் எனக்கு அப்போது ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பசை மோட்டாருக்குள் போயிருக்குமோ என்ற பயம் பாக்கி இருந்தது. முதல் மோட்டார் சுற்றியது. இரண்டாவது சுற்றியது. மூன்றாவது முனகிவிட்டு நின்றது. பேட்டரி அதைக் கையில் எடுத்து உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டினாள். சுற்றியது. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். ஏழு வாரப் பேச்சு பாக்கி இருந்ததல்லவா.

என் மனைவி சுவரில் இருந்த நட்சத்திர அட்டையைக் கிழித்து எடுத்தாள். சும்மா மாசம் இன்னும் மூன்று இருக்கிறது, என்ன செய்யலாம் சொல்லுங்கள் என்று கேட்டாள். பிள்ளைகள் குசுகுசுவென்று கலந்து பேசினார்கள். கணக்குதான் பதில் சொன்னான்.

“மிஸ், நீங்க கொஞ்ச நேரம் சும்மா இருங்க. நாங்க பாத்துக்கறோம்.”

அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கை இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள், எதையும் தொட்டுவிடாமல் இருக்க. தரையில் ஐந்து பேரும் ஐந்து விதமாக எதையோ மாட்டிக்கொண்டிருந்தார்கள். என்ன கட்டுகிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது போலிருந்தது. ஆறு மணிக்கு யாரும் எழுந்திருக்கவில்லை. ஏழு மணிக்கு நூலகர் விளக்கை அணைத்து அணைத்துப் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள். போட்டி நடத்தியவர்கள் பரிசு வாங்கிய மூன்று ரோபோக்களையும் காட்சிக்கு வைக்கப்போகிறார்களாம். பிரிக்காமல் அப்படியே கொண்டுவருகிறோம் என்று இவள் ஒரு மாதத்துக்கு முன்பே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாளாம். இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறதாம். உள்ளே, டப்பாக்களில், இருநூற்றுச் சொச்சம் துண்டுகள்.

“பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டியா?”

“அடுத்த சனிக்கிழமை சொல்றேங்க. இன்னிக்கு ஒரு உண்மை போதும்.”

நான் வாயைத் திறப்பதற்குள் மகள் கேட் பக்கமிருந்து ஓடிவந்தாள். அங்கே பேட்டரி தன் அம்மாவின் ஸ்கூட்டர் பக்கத்தில் நின்று இவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, நாளைக்கு நான் வீட்ல இருக்க மாட்டேன். பேட்டரி அவங்க வீட்டுக்கு வரச் சொல்லிட்டா.”

கேள்வியும் இல்லை, அனுமதி கேட்கவும் இல்லை. இந்த இரண்டு வருடமாக நாங்கள் கேட்கக் காத்திருந்த வாக்கியம் அது. என்றைக்காவது கேட்டால் என்ன சொல்வது என்று நாங்கள் யோசித்து வைத்திருக்கவே இல்லை. என் மனைவி எத்தனை மணிக்கு என்று கேட்டாள். தெரியாது என்று சொல்லிவிட்டு, கேட்டு வர மகள் திரும்ப ஓடினாள்.